அரப்புத் தண்ணீர்

குளித்த தண்ணீரெல்லாம் கொல்லை வாழைப் பாத்திக்குத்தான் போகும். மண்ணின் ஈரத்தையும் வாசத்தையும் அளந்து சொல்லப் பாத்தியில் ஊன்றியிருந்த பேசும் கருவியான மண்மானி அன்று காலை சுகன்யாவிடம் பேச்சுக் கொடுத்தது.

"ஏனுங்கம்மா, கொஞ்ச நாளா ஒருத்தர் குளிச்ச தண்ணிதான் வருது. மண்ணுல அரப்பு வாசமே இல்லீங்க. அய்யா ஊருக்குப் போயிருக்காருங்களா?"

தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளிப்பவர் அவள் கணவர் மோகன்ராஜ். அவர் இறந்துபோனதைச் சொந்தபந்தத்துக்கும் தண்ணீர் ஆபீசுக்கும் சொன்னவள், இந்த மண்ணுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டாள். இப்போதும் வாய் வரவில்லை.

"ஆமா, போயிருக்காரு. நாளைக்கு வந்துருவாரு."

ஆளுக்கு ஒரு வாளி என்று அளந்துதான் தண்ணீர் வரும். மறுநாள் தன் வாளியில் பாதியை எடுத்து சோப்புப் போட்டுக் குளித்தாள். மீதியில் அரப்பைக் கரைத்துத் தலையில் தேய்த்து, அவரைப் போலவே அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டாள்.

ஈரத்தலையோடு கொல்லைக்கு வந்ததும் மண்மானி கேட்டது.

"அய்யா வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாரு."

"ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கம்மா. அவரு குரலைக் கேட்டு நாளாச்சு."

கூந்தலிலிருந்து அரப்புத் தண்ணீர் பாத்தியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்குந்தான்" என்றாள் சுகன்யா.