மகன் அனுப்பிய பூ

கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனிடமிருந்து, அப்பாவின் பிறந்தநாளுக்குத் தபாலில் ஓர் அட்டை வந்திருந்தது. கையால் செய்தது. கறுப்புக் கோட்டில் ஒரு படகு; அதற்குள் நீலம் பிசிறில்லாமல் பூசியிருந்தது.

"பார்த்தியா, உன் கைவேலை அவனுக்கும் வந்திருக்கு," என்றார் அப்பா. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை.

"ம்." மனைவி கடைக்குக் கொடுக்கவேண்டிய வாழ்த்து அட்டைகளில், தான் செதுக்கிய பூ முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உனக்கு ஒரு வரி எழுதலைன்னு வருத்தமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

அவர் முகம் வாடிவிட்டது.

அடுத்த வாரம் வாசலிலிருந்து ஓடாத குறையாக வந்தார். "இந்தா, உனக்கும் போட்டிருக்கான்."

அவள் உறையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பூ. இதழ்களின் கோடெல்லாம் வண்ணத்தோடு கரைந்து அழுக்காக வழிந்திருந்தது. தண்ணீரில் கரையாத மையில்தான் முத்திரை குத்தவேண்டும் என்று தெரியாதவர் செய்த வேலை. ஓர் இலைக்கு நுனி இல்லை. அவளுடைய பூ முத்திரையிலும் அந்த நுனி உடைந்துதான் இருக்கிறது.

"நல்லாயிருக்கா?" குரலில் பயம் இருந்தது.

"ரொம்ப நல்லாயிருக்குங்க. அப்படியே அவன் கை."

"எனக்கு அனுப்பினவன் பெத்தவளை மறப்பானா?" என்று சொல்லிவிட்டு, படகு அட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

பூவைப் பத்திரப்படுத்த அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அவர் கண்ணில் படாமல் செதுக்கி, துணியில் சுற்றி வைத்திருந்த படகு முத்திரையை இன்னும் உள்ளே தள்ளினாள்.