அமிர்தத்தின் லைசென்ஸ்

நெல்லிக்குப்பம் சாலையில் காலை வெயில் புளியமரங்களுக்கிடையே துண்டு துண்டாக விழுகிறது. முப்பது வருடம் லாரி ஓட்டிய உத்திராபதி, தன் பழைய மாருதியில் இன்று இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள் போன வாரம் லைசென்ஸ் வாங்கிய மனைவி அமிர்தம். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போகிறது. இல்லாத பிரேக்கை அவர் கால் தானாக மிதிக்கிறது. "பொறு" என்று அவர் வாயெடுப்பதற்குள், எதிரே வண்டி வரவில்லை என்று பார்த்து, ஹாரன் அடித்து, கியரை மாற்றி அவள் முந்துகிறாள். கரும்புத் தோகை ஜன்னலை உரசுகிறது, வளையல் குலுங்குகிறது. டிராக்டர் ஓட்டும் மைத்துனன் தமிழ்மணி குனிந்து பார்க்கிறான். "இன்னா மாமா, நீங்க ஓட்டலியா?" உத்திராபதி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வயலில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்துகிறார்: "ஒங்க அக்கா ஓட்டுறாடா!"