மாயக்கதைப் பிரிவு

“பேரைப் பேப்பரிலை போட வேணும். அப்பதான் உப்பிடியான ஆக்களுக்குப் புத்தி வரும்.”

செல்வநாயகி ரீச்சர் நாலு கதைகளைத் தூக்கி மேசையில் போட்டார். வாசகர் வட்டம் நடத்தும் சிறுகதைப் போட்டிக்கு அவர்தான் தலைமை நடுவர். இந்த வருடம் முதன்முதலாக மாயக்கதைக்கென்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். வந்தவை மொத்தம் ஐந்து.

“ஒண்டு அருமையான கதை. மிச்சம் நாலும் குப்பை. அதிலை மூண்டிலை பேர் வேறை வேறை, ஆனா ஃபோன் நம்பர் ஒண்டு. நாலாவதிலை நம்பரே இல்லை. அதுவும் உந்த ஆளின்ரை வேலையாத்தான் இருக்கும். எப்பிடியாவது ஒண்டு விழட்டும் எண்ட பேராசை!”

எதிரே செயலாளர் கேதீஸ்வரன். புத்தூரில் தோட்டம், யாழ்ப்பாணத்தில் புத்தகக் கடை. மாயக்கதைப் பிரிவே வேண்டாமென்று கூட்டத்தில் எழும்பி நின்று எதிர்த்தவர். அவரைச் சமாதானப்படுத்தத்தான், ஐந்து கதையாவது வந்தால் மட்டும் அந்தப் பிரிவை நடத்துவது என்று முடிவெடுத்தார்கள்.

“நான் அப்பவே சொன்னனான் ரீச்சர். உந்தப் பேய், பூதமெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு. வளந்த ஆக்கள் இருந்து எழுதுவினமோ?”

“அந்த நம்பருக்கு அடிச்சு ஆளை வரச் சொல்லியிருக்கிறன்.”

ஆள் வந்தான். பெயர் றஞ்சித். குருநகரில் ஐஸ் லொறி ஓட்டுகிறவன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“உள்ளுக்கு வந்து இரும் தம்பி. உதுகளை எழுதினது நீரோ?”

மேலே கிடந்த கதையைப் பார்த்தான். “ஓம் ரீச்சர்.”

“பறக்கிற குதிரை கொடிகாமம் சந்தைக்கு வந்து கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போகுது. மற்றதிலை ஒரு ராட்சதன், அரியாலை பஸ் எப்ப வருமெண்டு கேக்கிறான். பஸ் வருகுது, ஏறிப் போறான். உதெல்லாம் கதையோ?”

“இல்லை ரீச்சர்.”

“பிறகேன் அனுப்பினனீர்? கனக்கப் பேரிலை அனுப்பினா ஏதாவது ஒண்டு வெல்லும் எண்டோ?”

“ஒண்டும் வெல்லக் கூடாது எண்டுதான் ரீச்சர் அனுப்பினனான்.”

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன கதைக்கிறீர்?”

“மற்றக் கதை இருக்கெல்லே, கடலுக்கு அடியிலை இருந்து அலை நெய்யிற பொம்பிளையளின்ரை கதை... அது என்ரை மனுசி லவீனா எழுதினது.”

ரீச்சர் கேதீஸ்வரனைப் பார்த்தார். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

“அவ பாமசியிலை மருந்து குடுக்கிற வேலை. ஆக்கள் வராத நேரம் இருந்து எழுதுவா. ஆறு வருசமா ஒரு போட்டி விடாமல் அனுப்பினவ. யதார்த்தம் இல்லையெண்டு தள்ளிப்போடுவினம். போன வருசம் ஒரு நடுவர், நீங்கள் பட்ட கஷ்டத்தை எழுதலாமே பிள்ளை எண்டு சொல்லிப்போட்டார். அண்டைக்குப் பேனையைத் தூக்கி அலுமாரிக்கு மேலை வைச்சவ. உங்கடை அறிவித்தலைப் பாத்துத்தான் திரும்ப எடுத்தவ.”

“அதுக்கு?”

“அவவின்ரை கதையை நான் குடுக்க வந்த அண்டு இந்த ஐயாதான் சொன்னவர், இதோடை ரண்டுதான் வந்திருக்கு, அஞ்சு வராட்டிப் பிரிவு நடக்காது எண்டு. அதைப் போய் வீட்டிலை எந்த வாயாலை சொல்லுறது? முடியிற நாள் வரைக்கும் பாத்தன். வேறை ஒருத்தரும் குடுக்கேல்லை. குறைஞ்சதை நானே எழுதினன்.”

“எழுதினது எழுதினீர், கொஞ்சம் நல்லா எழுதியிருக்கலாமே?”

“எனக்கு நல்லா எழுத வராது ரீச்சர். அது வசதியாப் போச்சு.”

ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“எண்டாலும் இது களவு தம்பி. உம்மடையை எடுத்துப்போட்டா அஞ்சு இல்லை. பிரிவும் இல்லை.”

“விளங்குது. என்ரை பேரைப் பேப்பரிலை போடுறதெண்டாலும் போடுங்கோ. ஆனா நான் ஏன் செய்தனான் எண்டு அவவுக்குச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சா இனிப் பேனையைத் தொடமாட்டா.”

வெளியில் ஒரு ஓட்டோ ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

“பேரும் போடவேண்டாம், ஊரும் போடவேண்டாம்” என்றார் ரீச்சர். “மாயக்கதைப் பிரிவை நிப்பாட்டுவம். லவீனாவின்ரை கதையைப் பொதுப் பிரிவிலை சேர்ப்பம். அங்கை வைச்சுப் பாத்தாலும் நான் அதுக்குத்தான் முதலிடம் குடுப்பன். மற்ற நடுவர்மார் என்ன சொல்லினமோ தெரியாது. நான் விட மாட்டன்.”

றஞ்சித் தலையை ஆட்டிவிட்டு எழும்பினான். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கப் போனவன் திரும்பிப் பார்த்தான்.

“ரீச்சர், நாலு கதை கிடக்குது மேசையிலை. நான் மூண்டுதான் எழுதினனான்.”

அவன் போய்விட்டான். ரீச்சர் அடியில் கிடந்த கதையை உருவி எடுத்தார்.

“அப்ப உது ஆற்றை கதை? பூதம் ஒண்டு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்குதாம். தோட்டக்காரன்ரை மகளிலை அதுக்கு ஆசையாம். கடைசியிலை கிணத்துக்குள்ளை விழுந்து கரைஞ்சு போகுதாம். அந்தப் பெடியன்ரையாவது ஒரு காரணத்தோடை எழுதினது. உதை எந்த மோடன் இருந்து எழுதினவன்?”

கேதீஸ்வரன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவ்வளவு மோசமோ, ரீச்சர்?”