இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"அந்த ஒரு பேரை மட்டும் மறைச்சுடலாம்மா. குடும்பத்துக்குப் பாதிப்பு வரும்னு காரணம் எழுதினா போதும், சட்டத்துலயே இடம் இருக்கு" என்றார் அதிகாரி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அணுமின் நிலையக் கட்டுமானத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் ஆவணப் பிரிவு அது. கட்டுமானத்தில் கண்ட குறைகள் அனைத்தையும், பொறுப்பானவர்களின் பெயரோடு, இன்று இணையத்தில் வெளியிட வேண்டும். நீதிமன்ற உத்தரவு. வெளியிட வேண்டியவள் அவள்.

மணி பத்து ஐம்பது.

அதிகாரி சொன்ன பெயர் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் தர மேலாளர்.

உலையைக் குளிர்விக்கும் குழாய்களில் பதினேழு வெல்டிங் இணைப்புகள் விரிசல் விட்டிருந்தன. எக்ஸ்ரே எடுத்து அதைக் கண்டுபிடித்தவன் அவளுடைய தம்பி. மறுபடி பற்றவைத்தால் நான்கு மாதம் தாமதம். மேலாளர் அந்தப் படங்களைக் கிழித்துப் போட்டார். நன்றாக இருந்த ஒரே ஓர் இணைப்பின் படத்தைப் பதினேழு பிரதி எடுத்துக் கோப்பில் சொருகினார்.

சோதனை ஓட்டத்தன்று குழாய் பிளந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. விசாரணைக்கு வந்தவர்கள் கோப்பைத் திறந்தார்கள். பதினேழு படங்களின் அடியிலும் தம்பியின் கையெழுத்து இருந்தது.

தான் போடவே இல்லை என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

அவளும்தான்.

வேலை போயிற்று. வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு மரச்சாமான் கிடங்கில் காவல் நிற்கிறான். ஆறு வருடமாக அக்கா வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

போன மாதம் பழைய கோப்புகள் பெட்டி பெட்டியாக அலுவலகத்தில் வந்திறங்கின. அந்தக் கையெழுத்தை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். தம்பியின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். அது அவன் கை இல்லை.

யார் கை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

நிபுணரிடம் அனுப்பச் சொல்லி அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நிபுணரும் அதே பெயரை எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து எல்லோரிடமும் எப்போதும்போல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை இழுத்து முதல் பக்கமாக வைத்தாள். யாரும் தேடிக் கஷ்டப்பட வேண்டாம்.

"யோசிச்சுப் பாருங்கம்மா. வெளியே போயிட்டா திரும்ப எடுக்கவே முடியாது."

"அதுக்குத்தான் சார் போடறேன்."

பதினோரு மணிக்கு மேலாளர் வாரக் கூட்டத்தில் இருப்பார். சுற்றிலும் இருபது பேர், எல்லார் கையிலும் போன். அது தெரிந்துதான், பத்து மணிக்கே முடிந்துவிட்ட வேலையை அவள் பிடித்து வைத்திருந்தாள்.

மணி பதினொன்று. பொத்தானை அழுத்தினாள்.

அதிகாரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஏழாவது நிமிடம் அவளுடைய போன் அடித்தது. அந்தப் பக்கம் கத்திய கத்தல் அதிகாரிக்கே கேட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கத்தி முடியும்வரை அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆமாங்க, நானேதான் போட்டேன்" என்றாள். "நம்ம பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போறேன். அவன் கதவைத் திறப்பானான்னு தெரியல. வீட்டுச் சாவி உங்க அம்மாகிட்ட இருக்கு, வாங்கிக்குங்க."