சுத்தமான கோடு

திரையைப் பார்த்தாலே மெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அதே நேர்கோடு. கண் திறக்காத எலிக்குட்டியின் விழித்திரையில், வெளிச்சமே படாமல், நரம்பு செல்கள் நிமிடத்துக்கொரு முறை அலையலையாகத் துடிக்கும். சேர்ந்து துடிப்பவற்றின் இணைப்பு நிலைக்கும், மற்றவை உதிரும். இதைப் படித்துவிட்டுத்தான் ஆய்வுக்கே வந்தாள். ஒரு துடிப்பைக்கூட இதுவரை கண்டதில்லை. கரைசலை மாற்றினாள், ஒயரை மாற்றினாள், நெறியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த வாரத்துக்குள் அலையைக் காட்டாவிட்டால் வேறு தலைப்பைப் பார்த்துக்கொள் என்று அவர் சொல்லியாயிற்று.

துடிப்பைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டிக்கொடுத்த தணிகைவேல் அன்று பராமரிப்புக்கு வந்திருந்தார்.

"ஒண்ணுமே வரமாட்டேங்குது சார்."

"எப்படி வரும்? மாட்டின அன்னைக்கே, சோதிச்சுப் பார்க்க வெச்ச விழித்திரையில நிமிஷத்துக்கு ஒருதரம் ஏதோ இரைச்சல் பொங்கிப் பொங்கி அடங்கிச்சு. ஃபேனை நிறுத்தினேன், ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், போகல. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு, பதிவாகுறப்பவே ஃபில்டர் போட்டு மொத்தமா எடுத்துட்டேன். கோடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

மெர்லின் ஃபில்டரை எடுக்கும்படி கையைக் காட்டிவிட்டு எலிகள் இருந்த அறைக்கு ஓடினாள். கண் திறந்துவிட்டால் அந்த அலை நின்றுவிடும். மிச்சமிருந்ததோ ஒரே குட்டி. கூண்டுக்குள் கைவிட்டுப் பஞ்சை விலக்கினாள்.

குட்டி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.