அன்னியக் குரல்

"மறுபடியும் போனா?"

டாக்டர் ரெஹானா கதவைத் திறந்த வேகத்தில் நாகஜோதி போனைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மறைத்து என்ன? "அக்கா... இருக்கீகளா அக்கா?" என்று தலைப்பே பேசியது.

"மாசமா இருக்கவுகளுக்கு டெஸ்ட்டுத் தேதி சொல்லத்தான் மேடம்..."

"தேதி சொல்ல அரை நிமிஷம் போதாது? புளிக்குழம்பு வச்சியா, கால் வீக்கம் வத்துச்சான்னு அரை மணி நேரம் பேசுறே. இது லேபா, குழாயடியா?"

நாகஜோதி போனைத் துண்டித்தாள். பதில் சொன்னால் இன்னும் இரண்டு திட்டு விழும்.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில், பச்சிளம் பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று ஆராயும் அந்தக் கூடத்தை ஆரம்பித்தவர் ரெஹானா. உத்தமபாளையத்துப் பெண். வெளிநாட்டில் படித்து, அங்கேயே இருக்கச் சொன்னவர்களை உதறிவிட்டு ஊர் திரும்பியவர். நல்ல மனுஷிதான். ஆனால் தாய்மாரோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். "ஒட்டிப் பழகினா ஆராய்ச்சி கோணிப்போகும்" என்பார். எதைச் சொல்வதானாலும் உதவியாள் நாகஜோதியோ டெக்னீசியன் கிங்ஸ்லியோதான் சொல்ல வேண்டும்.

சோதனை எளிதானதுதான். மாசமாக இருக்கும்போதே தாயின் பெயரையும் குரலையும் பதிந்து, தேதி கொடுத்துவிடுவார்கள். பால் குடித்துத் தூங்கும் பிள்ளையின் தலையில் ஒயர் கோத்த துணிக்குல்லாய். "என் தங்கமே, பாலு குடிச்சியா?" என்று பெற்றவள் பேசிய பதிவு முதலில் ஓடும். அடுத்து, அதே வார்த்தைகளை ஓர் அன்னியப் பெண் பேசியது. வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் என்றால் கம்ப்யூட்டரில் கோடு துள்ளும். கேளாத குரல் என்றால் சும்மா படுத்துக் கிடக்கும்.

அந்த அன்னியக் குரல் நாகஜோதியுடையது. கூடத்தைத் திறந்த அன்று, கையருகே இருந்த பெண் அவள்தானே என்று அவளைப் பேசவைத்துப் பதிந்துகொண்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அதே பதிவுதான்.

வினை அங்கேதான் முளைத்தது. கொஞ்ச நாளாகச் சில பிள்ளைகளுக்கு அன்னியக் குரலுக்கும் கோடு துள்ளியது.

"பதிவை மாத்திப் போட்டிருக்கே" என்றார் ரெஹானா. "காதுல போன் இருந்தா கையில வேலை ஓடுமா? என் இத்தனை வருஷ உழைப்பைக் குப்பையில கொட்டப் பாக்குறியா? இன்னைக்கு நானே உக்காந்து பாக்கிறேன். தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து வராதே."

நாகஜோதிக்குக் கண் நிறைந்தது. அதற்குள் மயிலாடும்பாறையிலிருந்து மாரீஸ்வரி கைப்பிள்ளையோடு வந்து நின்றாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் வழிந்தது.

"எண்ணெய் வச்சாக் குல்லாய் ஒட்டாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"அடப் போங்கக்கா! பச்சப்பிள்ளைய வறட்டுத் தலையோட பஸ்ல கொண்டாந்தா ஊரு என்னைய வையாதா?"

இருவரும் சிரித்தார்கள். பிள்ளையின் தலையை வெதுவெதுப்பான துணியால் துடைத்தபடியே நாகஜோதி ஊர்க்கதை கேட்டாள். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள் பார் என்று ரெஹானா பல்லைக் கடித்தார்.

பிள்ளை தூங்கியது. இரண்டு பதிவையும் ரெஹானாவே கேட்டுச் சரிபார்த்து, தன் கையாலேயே ஓடவிட்டார்.

பெற்றவள் குரல். கோடு துள்ளியது.

அன்னியக் குரல்.

கோடு துள்ளியது. போதாததற்குத் தூக்கத்திலேயே பிள்ளை உதட்டைச் சப்புக்கொட்டியது.

பதிவில் தப்பில்லை. மிஷினிலும் தப்பில்லை. ரெஹானா கிங்ஸ்லியைப் பார்த்தார், கிங்ஸ்லி மிஷினைப் பார்த்தான்.

"இதுல முழிக்க என்னா இருக்கு டாக்டரம்மா?" என்றாள் மாரீஸ்வரி. "அக்கா குரலு அவனுக்குத் தெரியாதாக்கும்?"

"எப்படித் தெரியும்?"

தாய்மாரிடம் ரெஹானா நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"எங்க வீட்டுக்காரரு கேரளாவுல ஏலத்தோட்டத்துல கெடக்காரு. எனக்கு ஆத்தா இல்ல. மாமியா வீட்டோட பேச்சுவார்த்தை இல்ல. மசக்கையில சுருண்டு கெடந்தப்ப, தேதி சொல்லப் போன் பண்ணின அக்காதான் 'சாப்பிட்டியா ஆத்தா'ன்னு கேட்டாக. அன்னைக்கு அழுதுட்டேன். அதுலருந்து நெதமும் பேசுவாக. நான் போனை வயித்துமேல வச்சு ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் படுத்துக்குவேன். அவனும் கேக்கட்டுமேன்னு."

"உனக்கு மட்டுமா?"

"துணைக்கு ஆள் இல்லாதவுக எல்லாருக்குந்தான். ஓடைப்பட்டி லத்திபாவுக்குக்கூடப் பேசுவாக. அவளும் இப்படித்தான் வயித்துல வச்சுக்குவாளாம். குரல் பதிய இங்கன வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் சொல்லிச் சிரிச்சோம்."

லத்திபாவின் பிள்ளை. கோடு முதன்முதலில் தப்பாகத் துள்ளிய பிள்ளை.

நாகஜோதி கையிலிருந்த துணியைப் பிசைந்தாள். "போனை வயித்துல வைப்பாகன்னு நான் கண்டேனா மேடம்? ஆராய்ச்சியையே கெடுத்துப்புட்டேன். நான் போயிர்றேன்."

ரெஹானா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு இன்னும் அடங்கவில்லை.

"நீ எங்கே போறே? போய் அந்தப் போன்காரிக்குப் பதில் சொல்லு, பாவம் காத்துக்கிட்டிருப்பா. கிங்ஸ்லி, மைக்கை எடு. அன்னியக் குரலை மாத்தணும்."

"யார் குரலைப் பதியறது மேடம்?"

"என் குரலைத்தான். இங்கே வர்ற எந்தப் பிள்ளையும் கேட்டிராத குரல் அது ஒண்ணுதானே."