மூன்று வருஷ சைபர்

"ஜாஸ்மின், இன்னாம்மா ஆச்சு? எறங்கட்டுமா, வேணாமா?"

கம்ப்யூட்டர் அறையின் ஜன்னலுக்கு வெளியே இன்பராஜ் நின்றிருந்தார். ஆம்பூரை ஒட்டிய அந்தத் தோல் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டியின் மோட்டார் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கி அடைப்பை எடுப்பது அவர் வேலை. நினைத்தவுடன் இறங்கிவிட முடியாது. தொட்டிக்குள் விஷவாயு எவ்வளவு என்று திரையில் வர வேண்டும். சைபர், அதாவது பூஜ்யம், என்றால் இறங்கலாம்.

"ஒரு பத்து நிமிஷம்ணா. புது கம்ப்யூட்டர் இன்னும் ரெடியாவல."

"சூப்பர்வைசர் கத்திக்கினு இருக்காரும்மா."

பழைய கம்ப்யூட்டர் காலையில்தான் கொஞ்சம் புகை விட்டுவிட்டு அடங்கிப் போயிருந்தது. அதில் ஓடிய வாயு பார்க்கும் புரோகிராம், சீனியர் நவநீதன் மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது. அந்த புரோகிராமைத் தயார் செய்கிற மேக்ஃபைலையும் அவரே வரி வரியாகத் தன் கையால் எழுதியிருந்தார். எந்தக் கோப்பு முதலில், எது அடுத்து, வாயுவை அளக்கும் சென்சார் எந்த போர்ட்டில் என்று எல்லாம் அவர் மனசில் இருந்தபடி. அது யாரையும் எதையும் கேட்காது. எல்லாம் இருக்கிறது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடும். நவநீதனும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஜாஸ்மின் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை எழுதித் தரப்போகிறவர் நவநீதன். அந்த நேரம் பார்த்து அவருடைய மேக்ஃபைலுக்கு முன்னால் ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டைச் சேர்த்து வைத்திருந்தாள், தைரியசாலி. எந்த கம்ப்யூட்டரில் போட்டாலும், வேலையைத் தொடங்கும் முன் அது ஒவ்வொன்றாக விசாரிக்கும். ஏதாவது இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

நின்றுவிட்டது.

கம்பைலர் இருக்கிறதா... இருக்கிறது.
போர்ட் இருக்கிறதா... இருக்கிறது.
சென்சார் இருக்கிறதா... இல்லை.

"இது நாலாவது வாட்டி," என்று நவநீதன் சிரித்தார். "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி எதுக்கும்மா இத்தினி கேள்வி? தள்ளு."

அவளுடைய ஸ்கிரிப்ட்டை ஓரங்கட்டிவிட்டு, நவநீதன் தன் மேக்ஃபைலில் ஒரே ஒரு வரியை மாற்றி, மேக் என்று தட்டினார். அரை நிமிஷத்தில் திரையில் சைபர் வந்து நின்றது.

"பாத்தியா? மூணு வருஷமா இதே சைபர்தான். ஒரு நாள் ஏறுனதில்ல, ஒரு நாள் அலாரம் அடிச்சதில்ல. இன்பராஜ், நீ போய்யா."

"ஒரு நாள்கூட ஏறலயா சார்? இவ்ளோ நாத்தம் அடிக்குதே, ஒண்ணு ரெண்டாவது காட்ட வேணாமா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"நாத்தம் வேற, கேஸ் வேற."

ஜாஸ்மினுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஸ்கிரிப்ட் தப்பென்றால் வெள்ளிக்கிழமை அவள் கதை முடிந்தது. ஆனாலும் அந்த 'இல்லை' ஏன் வருகிறது என்று பார்க்காமல் விட அவளால் முடியவில்லை.

"அண்ணா, எறங்காதீங்க. நான் வர்றேன்."

மூன்று பேரும் தொட்டிக்கு வந்தார்கள். சுவரில் சென்சார் பெட்டி. அதில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜாஸ்மின் ஒயரைக் கடைசி வரை தடவிப் பார்த்தாள். எலி கடித்த அடையாளம்கூட இல்லை.

"லைட் எரியுது, ஒயர் நல்லாருக்குது. உன் ஸ்கிரிப்ட்தான் தப்பு," என்றார் நவநீதன்.

இன்பராஜ் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார்.

"சார், ஒண்ணே ஒண்ணு," என்றாள் ஜாஸ்மின். "சென்சார் பதிலே சொல்லலன்னா உங்க புரோகிராம் இன்னா பண்ணும்?"

"சைபர்னு எடுத்துக்கும். சும்மா சும்மா அலாரம் அடிச்சா பேஜார் இல்ல? அதுக்கு இன்னா இப்போ? அதான் பொட்டி கண்ணு முன்னாடி இருக்குதே!"

"அப்போ பொட்டியத் தொறந்து பாத்துடலாம் சார்."

பெட்டி பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர் கீப்பர் துரைசாமியிடம். நவநீதன் எரிச்சலோடு போன் செய்தார்.

"துரைசாமி, சென்சார் எடுத்துக்கினு... சாவி எடுத்துக்கினு வாய்யா, அர்ஜென்ட்!" என்றவர் ஜாஸ்மின் பக்கம் திரும்பினார். "உள்ள எல்லாம் சரியா இருந்துச்சுன்னா, வெள்ளிக்கிழம வரைக்கும்கூட நான் காத்திருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்பராஜுக்குப் பாவமாக இருந்தது.

"எனக்கு அவசரம் இல்லம்மா, நீ பாரு. மாசத்துக்கு ரெண்டு வாட்டி எறங்கறவன்தானே. எறங்குனா கொஞ்சம் தல சுத்தும். மேல வந்து ரெண்டு டீ அடிச்சா சரியாப்பூடும்."

துரைசாமி ஓடி வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். ஒரு போல்ட் நட்டைக்கூட வீணாக விடாதவர் என்று மூன்று முதலாளிகளிடம் நல்ல பெயர் வாங்கியவர். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் பிஸ்கட் டின். மூச்சு வாங்கியபடி பெட்டியைத் திறந்தார்.

உள்ளே அந்தப் பச்சை விளக்குக்கு மட்டும் கரண்ட் வந்துகொண்டிருந்தது. சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் ஒயரின் நுனி சும்மா தொங்கியது.

இன்பராஜ் ஏணியிலிருந்து காலை எடுத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துரைசாமி அதையெல்லாம் கவனிக்கவில்லை. டின்னைத் திறந்து, பாலிதீனைப் பிரித்து, பஞ்சை விலக்கி, மின்னும் சென்சாரை உள்ளங்கையில் வைத்துப் பெருமையாக நீட்டினார்.

"ஒரு கீறல் இல்ல பாருங்க சார். ஜெர்மனி சாமான், உள்ள வெச்சா கேஸ் பட்டு கெட்டுப்பூடும்னு, மாட்டுன அன்னிக்கே கழட்டி பத்திரமா வெச்சுட்டேன்."